குதிரை முட்டை பழுக்கும் அறை

மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தவள், கையிலிருந்த கண்ணாடிக் குழலை மேசையில் வைக்கவில்லை, எறிந்தாள். அது உருண்டுபோய் எதிர் மேசைக்காரரின் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

"மறுபடியுமா?" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"மறுபடியும்தான்."

"ரெண்டும் ஒண்ணா?"

"ரெண்டும் ஒண்ணு. சொல்லப்போனா பொடி போட்டது ஒரு படி கம்மி."

அவர் குழலை எடுத்துத் துடைத்து அவள் பக்கம் தள்ளிவிட்டார். ஆறுதல் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அவருக்கும் அலுத்துவிட்டது.

அந்த அறையில் இரண்டே பேர். அவர் மாட்டு முட்டையில் வேலை செய்பவர், அதனால் அவருக்கு மாட்டுக்காரர் என்று பெயர். அவள் குதிரை முட்டை, அதனால் குதிரைக்காரி. முட்டை என்றால் ஓட்டோடு இருக்கும் முட்டை அல்ல. பெண்குதிரையின் சினைப்பைக்குள் இருக்கும் கருமுட்டை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக ஒரு புள்ளி. ஊருக்கு வெளியே குதிரை அறுக்கும் கூடத்திலிருந்து சினைப்பைகள் பிளாஸ்கில் வெதுவெதுப்பாக வரும். முட்டைகளைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் சத்துநீரைச் சொட்டுச் சொட்டாக வைத்து, அதற்குள் விட்டு, சொட்டு காய்ந்துபோகாமல் மேலே எண்ணெய் ஊற்றி மூடி, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டும். முட்டை பழுத்திருந்தால் தன் ஓரத்தில் தன்னிலும் பல மடங்கு சிறிய ஒரு மணியைத் துப்பியிருக்கும். பழுக்காவிட்டால் பேசாமல் கிடக்கும். வயிற்றுக்குள் தானாகப் பழுக்கிற முட்டை வெளியே எடுத்தால் முரண்டு பிடிக்கும். அதிலும் குதிரை முட்டைக்குப் பிடிவாதம் அதிகம்.

ஏன் என்பதற்கு அவளிடம் ஒரு விடை இருந்தது. வயிற்றுக்குள் முட்டைக்குக் காற்று படாது, வெளிச்சம் படாது. வெளியே இரண்டும் படும். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உயிரணுவும் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். குதிரை முட்டையில் கொழுப்பு அதிகம், ஆகவே துருவும் அதிகம். அந்தத் துருவைத் தன் மேல் வாங்கிக்கொள்கிற பொருள்தான் ஆன்டிஆக்சிடன்ட். அவள் தேர்ந்தெடுத்தது ஒரு வெள்ளைப் பொடி. முதன்முதலாக அதைச் சத்துநீரில் கலந்தபோது, கலக்காத சொட்டுகளைவிட இரண்டு மடங்கு முட்டைகள் மணி துப்பியிருந்தன. திரும்பவும் செய்தாள், அதே இரண்டு மடங்கு. இன்னொரு முறையும் அதேதான். பேராசிரியை, எல்லோருக்கும் மேடம், அந்த முடிவைக் காட்டும் வரைபடத்தை அச்செடுத்துத் தன் அறைக் கதவில் ஒட்டினார்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடமாக அது நடக்கவே இல்லை.

"சீசன் சரியில்ல," என்று முதலில் சொன்னார் மேடம். சீசன் மாறியது. "தண்ணிய மாத்திப் பாரு." மாற்றினாள். பொடியை மாற்றினாள், பெட்டிக்குப் போகிற வாயுவை மாற்றினாள், கையுறையைக்கூட மாற்றினாள். மாற்றாமல் மிச்சமிருந்தது அவள் மட்டும்தான். கடைசியில் மேடம் அதையும் சொல்லிவிட்டார். "உன் கைதான் சரியில்லையோ என்னவோ."

ஒரு கால்நடைக் கல்லூரியில் அவளுக்கு ஆசிரியர் வேலை ஒன்று காத்திருந்தது. நேர்முகத் தேர்வெல்லாம் முடிந்து, ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி காட்டினால் சேர்ந்துகொள்ளலாம் என்ற நிலை. மாதக் கடைசி வரைக்கும் பொறுப்பார்கள். ஆய்வேட்டில் மற்ற அத்தியாயங்கள் எல்லாம் இருந்தன. நடுநாயகமாக இருக்க வேண்டிய அந்த இரண்டு மடங்கு மட்டும், இன்னொரு முறை நடந்து காட்டாமல் இழுத்தடித்தது. பழைய மூன்று போதாது, ஆய்வேட்டை மதிப்பிடுகிறவர் கேட்பார், புதிதாக ஒன்றாவது வேண்டும் என்பது மேடத்தின் கணக்கு. நியாயமான கணக்குதான்.

அவள் தங்கியிருந்தது அக்கா வீட்டில். படிப்பு முடியும்வரை என்று வந்தவள். முன்னறையை அவளுக்கு விட்டுவிட்டு அக்காவின் இரண்டு பெண்களும் நெருக்கியடித்துக்கொண்டு கூடத்தில் படுத்தார்கள். மாமா நகரப் பேருந்து ஓட்டுபவர். நாளெல்லாம் ஹாரன் கேட்ட காதோடு வந்து உட்கார்ந்ததும் அவருக்குப் பொழுதுபோக்கு மச்சினிதான்.

"என்ன மச்சினிச்சி, குதிரை முட்டை பொரிச்சுதா?"

"போங்க மாமா."

"இல்ல, எங்க டிப்போல கேக்கறாங்க. எவ்ளோ பெருசு இருக்கும், பூசணிக்கா சைஸ் இருக்குமான்னு."

"உங்க டிப்போல பிரேக் எல்லாம் ஒழுங்கா பிடிக்குதான்னு நான் கேக்கறேனா?"

"பிடிக்கும்மா. எங்க பிரேக் தினம் தினம் ஒரே மாதிரி பிடிக்கும். அதான் வண்டி ஓடுது."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். அன்றைக்கு அது சுருக்கென்று தைத்தது. அவள் எழுந்து போனாள். அக்கா மாமாவை முறைத்தாள். "உங்க வாய வச்சுகிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" பிறகு தங்கையின் பின்னாலேயே வந்து கேட்டாள். "இந்த மாசம் முடிஞ்சிடும்ல?"

"முடிஞ்சிடும்க்கா."

"பெரியவ தனியா ரூம் கேக்கறா. படிக்கற பொண்ணு. உன்ன விரட்டறேன்னு நினைக்காத."

"நினைக்கல."

விரட்டவில்லைதான். ஆனால் அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் சுற்றிச் சுற்றி அந்த மாதக் கடைசியில் வந்து நின்றது.

மறுநாள் ஆய்வகத்தில் மாட்டுக்காரர் மேசை மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தாளம் போட்டால் முட்டைகள் தேறியிருக்கின்றன என்று பொருள்.

"முக்கால்வாசி! வந்து பாரும்மா, ஒவ்வொண்ணும் உருட்டி வச்ச மாதிரி இருக்கு."

"நான் பாக்கல அண்ணா. வயித்தெரிச்சலா இருக்கு."

"நல்லா எரியட்டும். போன வருஷம் இதே சமயத்துல நான் தலைல கை வச்சுகிட்டு உக்காந்திருந்தேனே, அப்ப நீ சிரிக்கல?"

"அப்ப உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"கால்வாசிகூட தேறல. இப்பதான் கை படிஞ்சிருக்கு." தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு அறையின் மூலையைப் பார்த்துச் சிரித்தார். "கையாவது காலாவது. எல்லாம் அந்த ஃப்ரீசர் வந்த ராசி. அது வந்ததுல இருந்து எனக்கு ஏறுமுகம்."

"எனக்கு அது வந்ததுல இருந்துதான் இறங்குமுகம். ராசியில்லாத சனியன்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சிரிப்பு மட்டும் நின்றுபோனது.

அந்த ஃப்ரீசர் ஆளுயரத்துக்கும் மேலே. வேறு இடமில்லை என்று ஜன்னலை மறைத்து நிறுத்தியிருந்தார்கள். அன்றிலிருந்து அறையில் பகலெல்லாம் டியூப்லைட். வெளிச்சமில்லை என்று அவள் போய்ப் புகார் சொன்னபோது, "ஜன்னல் பாக்கவா இங்க வந்தே?" என்று மேடம் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவருக்கு ஏறியதும் அவளுக்கு இறங்கியதும் ஒரே நேரத்தில். இல்லை, அவளுக்கு இறங்கவில்லை. அவள் போய்த் தன் பழைய எண்களைக் கணினியில் திறந்தாள். பொடி போட்ட சொட்டுகள் அன்றும் இன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் பழுத்திருந்தன. பொடி போடாத சொட்டுகள்தான் அன்றைக்குப் பாதாளத்தில் கிடந்து இன்றைக்கு மேலே ஏறி வந்திருந்தன. ஒரு வருடமாக அவள் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொடி போடாத பக்கத்தை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. ஒன்றும் செய்யாத பக்கம் என்ன தப்பு செய்துவிடும்?

"அண்ணா, ஜன்னல் விளிம்புல நாம என்ன வச்சிருந்தோம்?"

"என்ன வச்சிருந்தோம்? எண்ணெய் பாட்டில்."

எண்ணெய் பெரிய பழுப்பு நிற பாட்டிலில் வரும். தூக்கி ஊற்றினால் குபுக்கென்று கொட்டும். அதனால் கைக்கு அடக்கமான வெள்ளைக் கண்ணாடி பாட்டில் ஒன்றில் ஊற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொள்வது அந்த அறையின் வழக்கம். யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. வந்தவர்களெல்லாம் அப்படியே செய்தார்கள். காலையிலிருந்து மதியம்வரை வெயில் நேராக அதன் மேல் விழும். ஃப்ரீசர் வந்த பிறகு விளிம்புக்குக் கை போகாததால் பாட்டில் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

மாட்டுக்காரரின் தாளம் நின்றது.

வெயில் பட்டால் எண்ணெய் கெடும். மணம் மாறாது, நிறம் மாறாது, ஆனாலும் கெடும். கெட்ட எண்ணெயிலிருந்து துரு கீழே இருக்கிற சொட்டுக்குள் இறங்கும். அந்தத் துருவைத்தான் அவளுடைய பொடி வாங்கிக்கொண்டிருந்தது. குதிரை முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாங்களே நஞ்சை ஊற்றிவிட்டு, தாங்களே முறிமருந்தும் கொடுத்து, முட்டை பிழைத்ததென்று படம் போட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.

"அப்படியும் இருக்கலாம்," என்றார் அவர் மெதுவாக. "இல்லாமலும் இருக்கலாம்."

"செஞ்சு பாத்துடலாம் அண்ணா."

மாடிப்படித் திருப்பத்தில் வெயில் விழும் ஒரு ஜன்னல் இருந்தது. புது எண்ணெயை ஒரு வெள்ளை பாட்டிலில் ஊற்றி அங்கே வைத்தாள். "தொடாதீர்கள், கெட்டுக்கொண்டிருக்கிறது" என்று ஒரு சீட்டும் ஒட்டினாள். ஏறி இறங்குகிறவர்கள் அதைப் படித்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

மாமாவுக்கு இது அல்வா கிடைத்த மாதிரி. "எண்ணெய காசு குடுத்து வாங்கி கெடுக்கறியா? சொல்லியிருந்தா எங்க டிப்போ கேன்டீன்ல கெட்டதாவே தருவானே!"

எண்ணெய் வெயிலில் ஊறி முடிந்ததும் சினைப்பைகள் வரவழைத்தாள். நல்ல எண்ணெய் ஒரு தட்டு, கெட்ட எண்ணெய் ஒரு தட்டு. ஒவ்வொன்றிலும் பொடி போட்டதும் போடாததும். பெட்டியைத் திறந்து முதலில் கெட்ட எண்ணெய்த் தட்டை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். பொடி இல்லாத சொட்டுகளில் நாலில் மூன்று முட்டைகள் கறுத்துப்போய் பேசாமல் கிடந்தன. பொடி போட்டதில் ஒன்று விட்டு ஒன்று மணி துப்பியிருந்தது. இரண்டு மடங்கு. அச்சு அசலாக அதே இரண்டு மடங்கு. ஒரு வருடம் தவம் கிடந்தும் வராதது, கூப்பிட்டதும் வந்து நின்றது.

நல்ல எண்ணெயில் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. பொடி போட்டது ஒரு படி கம்மி.

அவளுக்கு எதையாவது உடைக்க வேண்டும்போல் இருந்தது. மாட்டுக்காரர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"மேடம்கிட்ட சொல்லணும்."

"என்னன்னு சொல்லுவ? ரிப்பீட் ஆயிடுச்சுன்னா?"

"எண்ணெய்ன்னு."

அவர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, என் பேப்பர் என்ன சொல்லுது தெரியுமா உனக்கு?"

தெரியும். வெயில் காலத்தில் எடுத்த மாட்டு முட்டைகள் சரியாகப் பழுப்பதில்லை, வெக்கை மாட்டின் உடம்புக்குள்ளேயே முட்டையைக் கெடுத்துவிடுகிறது என்று அவர் எழுதியிருந்தார். நாலு இடத்தில் மேற்கோள் காட்டிவிட்டார்கள். பதவி உயர்வுக்கு அதைத்தான் நம்பியிருந்தார். அவள் இதை யோசித்திருக்கவில்லை. வெயில் காலத்தில் அந்த ஜன்னலில் வெயில் எவ்வளவு நேரம் அடித்திருக்கும்!

"அது மாட்டோட வெக்கையா, பாட்டிலோட வெக்கையான்னு இப்ப எனக்கே தெரியல," என்றார். "ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க எனக்கு. உன் நேர்மைக்காக என் சோத்துல ஏம்மா மண்ண அள்ளிப் போடற?"

"நான் போடல அண்ணா. ஏற்கெனவே விழுந்திருக்கு. நாம பாக்காம சாப்ட்டுகிட்டு இருந்தோம்."

"நல்லா பேசற. வேலை கிடைச்சு நீ பாட்டுக்குப் போயிடுவ."

"சொன்னா எனக்கு எங்க அண்ணா வேலை? மாசக் கடைசிக்கு என்கிட்ட என்ன இருக்கு?"

அதைக் கேட்டும் அவர் கோபம் தணியவில்லை. தட்டுகளைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போனவர், அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை.

மேடம் எண்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். கெட்ட எண்ணெய்த் தட்டின் வரிசையை விரலால் தொட்டார். "வந்துடுச்சே! இதுக்குப் போயா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

அவள் சொன்னாள். ஜன்னல், பாட்டில், வெயில் எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரி, எந்த லேப்ல எண்ணெய் சுத்தமா இருக்கு? எல்லா இடத்துலயும் கொஞ்சம் கெட்டுத்தான் இருக்கும். அப்ப உன் பொடி எல்லாருக்கும் உதவும்தானே. இதுல பொய் எங்க இருக்கு?"

அவள் ஒரு கணம் தடுமாறினாள். அது முட்டாள்தனமான பேச்சு அல்ல. அப்படியே தலையாட்டிவிட்டு வெளியே வந்தால் மாதக் கடைசி வந்துவிடும், வேலை வந்துவிடும், அக்காவின் பெரியவளுக்கு அறை வந்துவிடும்.

"கெட்ட எண்ணெயில இருந்து காப்பாத்துதுன்னு எழுதினா பொய் இல்ல மேடம். நாம முட்டையைப் பழுக்க வைக்குதுன்னு எழுதியிருக்கோம். எண்ணெய நல்லா வச்சிருக்கறவங்க நம்ம அளவுல பொடியைப் போட்டா, முட்டை கம்மியாத்தான் பழுக்கும். யாராவது ஒரு பண்ணைக்காரர் தன்னோட கடைசி குதிரைக்கு இதைச் செஞ்சு பாப்பார்."

கதவில் ஒட்டியிருந்த படம் உள்ளிருந்து பார்த்தால் தெரியாது. ஆனாலும் மேடம் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ஃப்ரீசர் வந்த வாரமே கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா நீ?"

"வெளிச்சம் இல்லன்னு அன்னிக்கே வந்து சொன்னேன் மேடம்."

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல." மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார், மறுபடி கலைத்தார். எரிச்சல் யார் மேல் என்று அவருக்கே தெரியாத மாதிரி இருந்தது. "அந்த அத்தியாயம் போச்சு. முழுசா மாத்தி எழுதணும். குறைஞ்ச அளவுல பொடி போட்டு நல்ல எண்ணெயில முதல்ல இருந்து பாக்கணும். இப்ப ஏட்டைக் குடுக்க முடியாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

"மாட்டுக்காரரையும் வரச் சொல்லு."

அன்று மாலை வீட்டில் மாமா வாயைத் திறக்கவில்லை, அவள் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். அக்காதான் வெடித்தாள்.

"பொடி போட்டா தேறுச்சு, போடலன்னா தேறல. நடந்ததைத்தானே எழுதப் போற? உன்ன யாரும் பொய் சொல்லச் சொல்லலயே!"

"அது எண்ணெயால நடந்ததுக்கா."

"எண்ணெயால நடந்தா என்ன, தண்ணியால நடந்தா என்ன? நடந்துச்சா இல்லையா?"

மேடத்திடம் சொல்ல வாய் இருந்தது, அக்காவிடம் இல்லை. கூடத்தில் பெரியவள் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல் இருந்தாள். பக்கம் திரும்பவே இல்லை. "நான் கூடத்துல படுத்துக்கறேன், அவ உள்ள படிக்கட்டும்," என்றாள் அக்காவிடம். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்," என்று அக்கா சொன்ன விதம் உறைத்தது; வேண்டும் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

காலையில் கல்லூரி அலுவலகத்துக்குப் பேசினாள். எடுத்தவர் தன்மையான மனிதர். "அப்படியாம்மா? பரவாயில்ல. வரிசைல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடறோம். நீங்க அடுத்த தடவை போடுங்க." அடுத்த தடவை எப்போது என்று கேட்டாள். "அது மேல இருக்கறவங்களுக்கே தெரியாதும்மா," என்று சிரித்தார். அவளும் பதிலுக்குச் சிரித்து வைத்தாள். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்புக்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

ஆய்வகத்தில் பிளாஸ்க் வந்து காத்திருந்தது. மாட்டுக்காரர் தன் மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வெயில் காலக் கணக்கை மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று வாசலிலேயே காதில் விழுந்திருந்தது. அவள் கையுறை மாட்டிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து அவர் திரும்பாமலே பேசினார்.

"அந்த எண்ணெய் புது பாட்டில்தான?"

"இன்னிக்குதான் சீல் உடைச்சேன்."

"எனக்கும் வேணும். எடுத்து வை."

"வச்சிருக்கேன் அண்ணா."

"அண்ணாவாம் அண்ணா," என்று அவர் முணுமுணுத்தார்.

அவள் சினைப்பையைத் தட்டில் வைத்துக் கீறினாள். மாட்டின் முட்டையை ஊசியால் உறிஞ்சினால் வந்துவிடும். குதிரை முட்டை பையின் உள்சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டியதைக் கழுவி மைக்ரோஸ்கோப்பில் தேடினாள். முதல் பையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒன்று இருந்தது, சுரண்டியதில் உடைந்துபோயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதைக் கீறினாள்.